வடக்கு இல்லாத பேங்க்

இந்தக் காலத்து ஜனங்களுக்கு வடக்கு எது, தெற்கு எது என்று தெரிவதில்லை. போன் சொல்கிறது, இடது பக்கம் திரும்பு என்று. திரும்புகிறார்கள். சாக்கடைக்குள் இறங்கு என்றாலும் இறங்குவார்கள். போன வாரம் ஒரு பயல் எங்கள் சந்து முனையில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, யாருக்கோ கொண்டுவந்த சாப்பாட்டுப் பொட்டலத்தோடு விழித்துக்கொண்டு நின்றான். "மசூதிக்குக் கிழக்கே, பச்சைக் கதவு" என்று சொன்னேன். "கிழக்குன்னா இடதா வலதா, பாக்?" என்று கேட்டான். அப்பாவோ பெரியவரோ, எங்களுக்கு எல்லோரும் "பாக்"தான். காலை நேரம். சூரியன் அவன் மூஞ்சியிலேயே அடித்துக்கொண்டிருந்தது. கிழக்கை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டே கிழக்கு எங்கே என்று கேட்கிறவனுக்கு என்ன பதில் சொல்வது?

ஜாவாவில் எங்கள் சுரபாயாக்காரனுக்கு இது கேவலம். நாங்கள் உப்பு ஜாடியைக்கூட வடக்கே நகர்த்து, தெற்கே நகர்த்து என்றுதான் சொல்வோம். பாயில் நெருக்கிப் படுத்தால் "மேற்கே தள்ளிப் படு" என்போம். அதிலும் நான் ரிக்‌ஷா மிதித்தவன். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். படிப்புதான் ஏறவில்லையே தவிர, வடக்கு உடம்பிலேயே இருந்தது. கண்ணைக் கட்டி, நாலு சுற்றுச் சுற்றிவிட்டு, வடக்கைக் காட்டு என்றால் காட்டுவேன். பந்தயம் கட்டிக் காபி வாங்கிக் குடித்திருக்கிறேன்.

அதனால்தான் ஜாத்மிகோ என்கிற அந்தப் பையன் என் மகள் நூனிங்கைக் கேட்டு வந்தபோது, நான் அவன் சம்பளத்தைக் கேட்கவில்லை. வீடு எங்கே என்று கேட்டேன்.

"கிரெம்பாங்கான், பாக்."

அவ்வளவுதான். எனக்கு வாயிலிருந்த சிகரெட் கசந்துபோயிற்று. கிரெம்பாங்கான் எங்கள் வீட்டுக்கு வடமேற்கு. பெண் வீட்டிலிருந்து பார்த்தால் மாப்பிள்ளை வீடு வடமேற்கில் இருக்கக்கூடாது. செத்தவனைக் குழியில் கிடத்துவது வடக்கே தலை, மேற்கே முகம். அந்தத் திசையில் பொண்ணை அனுப்புவது எப்படி?

இதை மூட நம்பிக்கை என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். என் அக்கா ருமியாத்தியை அப்படித்தான் கொடுத்தார்கள். "பையன் நல்லவன், திசையைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஆகுமா" என்றார் அப்பா. கல்யாணத்தன்று அவளை ரிக்‌ஷாவில் வைத்து மிதித்துக்கொண்டு போனது நான். அடுத்த மழைக்காலத்தில் அவளைத் தூக்கிக்கொண்டு வந்ததும் நான்தான். காய்ச்சல் என்றார் டாக்டர். டாக்டருக்குத் திசையைப் பற்றி என்ன தெரியும்?

நூனிங்குக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. வாசலிலேயே சின்னதாக ருஜாக் கடை, காய்பழத்தில் கடலைச் சாந்து பிசைந்து விற்கிற கடை, போட்டிருக்கிறாள். இதற்கு முன்னால் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வந்து கேட்டார். கிரெசிக் ஊர்க்காரர். அதுவும் வடமேற்கு. நான் முடியாது என்றேன். அவர் இப்போது வேறு யாரையோ கட்டி, குழந்தையோடு பஸ்ஸில் போகும்போது எங்கள் சந்துப் பக்கம் தலையைத் திருப்பிக்கொள்கிறாராம். திருப்பிக்கொள்ளட்டும். உயிரோடுதானே இருக்கிறார்கள் எல்லோரும்.

என் பெண்டாட்டி துமினா விடுகிற ஜாதி இல்லை. அன்று ராத்திரிச் சாப்பாட்டில் ஆரம்பித்தாள். என்னை அவள் கூப்பிடுவது "சாக்" என்று.

"வீடுதானே பிரச்சினை? வேற வீட்டுலேர்ந்து கிளம்பி வரட்டும். ஊர்ல எல்லாரும் செய்யறதுதானே, சாக்?"

செய்வார்கள்தான். மாப்பிள்ளை வேறு திசையில் இருக்கும் சித்தப்பன் வீட்டிலோ மாமன் வீட்டிலோ முதல் நாளே போய்ப் படுத்துக்கொள்வான். காலையில் அந்த வீட்டுப் பிள்ளையாகக் கிளம்பி வருவான். திசை மாறிவிடும்.

"அவனுக்கு எங்க வேற வீடு? சித்தப்பன், மாமன், ஒண்ணுவிட்டவன் எல்லாம் ஒரே சந்துல இருக்கான். கோழிக்கூண்டு மாதிரி."

"அவன் வேலை பாக்கற எடம் இருக்கே. சிவப்புப் பாலத்துக்கிட்ட, அந்தப் பழைய பேங்க்."

"பேங்க்லேர்ந்தா? வர்றது மாப்பிள்ளையா, மணியார்டரா?"

"இப்ப அது பேங்க் இல்ல. மியூசியம்."

"அப்ப இன்னும் நல்லாப் போச்சு. கண்ணாடிப் பெட்டியைத் திறந்து எடுத்துக் குடுப்பாங்களா? கீழே பேர் எழுதி ஒட்டியிருக்குமா?"

"ஒட்டட்டும். உங்களையும் அதுக்குள்ள வச்சுட்டு வர்றேன். ஊர் ஜனம் டிக்கெட் வாங்கிப் பாக்கும்." அவள் சோற்றுத் தட்டை நகர்த்தினாள். "அது நமக்கு நேர் வடக்கு. வடக்குல தோஷம் இல்ல."

"நேர் வடக்காம்! நான் மிதிச்ச ரோடு. ஒரு கை அளவு மேற்கே சாயும்."

"உங்க கையா, என் கையா?"

நூனிங் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். மறுநாள் கடைக்காக நிலக்கடலை இடித்துக்கொண்டிருந்தாள். கல்லை நிறுத்தாமலே சொன்னாள்.

"பாக், கிரெசிக்காரரை வேணாம்னீங்க. நான் ஏன்னு கேக்கலை. இவரையும் வேணாம்னா சொல்லிடுங்க. அழமாட்டேன். ஆனா இனிமே இந்த வாசலுக்கு யாரையும் கூட்டிட்டு வரமாட்டேன். அதையும் நீங்க ஏன்னு கேக்கக்கூடாது."

கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். இப்படிப் பேசினால் என்ன செய்வது?

"சரி. பொண்ணைப் பெத்தவன் மாப்பிள்ளை வீட்டைப் பாக்கணும். அந்த பேங்க் வீடுதானான்னு நான் பாக்கறேன்" என்றேன். வீடு இல்லை என்று சொல்வதற்குத்தான் கிளம்பினேன். அதை மறைக்கவில்லை.

மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகும்போது வெறுங்கையோடு போகக்கூடாது. துமினா பழுத்த ராஜா வாழைப்பழம் ஒரு தார் வாங்கி, நல்ல துணியில் கட்டி எடுத்துக்கொண்டாள். நான் கறுப்புக் குல்லாவைத் தட்டிப் போட்டுக்கொண்டேன்.

அந்தக் கட்டடத்தை நான் வெளியிலிருந்து பார்க்காத நாள் இல்லை. அதன் எதிரேதான் ரிக்‌ஷாவை நிறுத்திச் சவாரிக்குக் காத்திருப்பேன். உச்சி வெயிலில் அதன் நிழல் ரோட்டில் விழும் இடம் எனக்கு அத்துப்படி. படியில் கால் வைத்தால் காவல்காரன் "ஏய்" என்பான். பேங்க் மூடினார்கள். பிறகு வெகுகாலம் பூட்டிக் கிடந்தது. ஜன்னலில் ஆலஞ்செடி முளைத்திருந்தது. யாரோ வந்து சுரண்டினார்கள், பூசினார்கள். நான் அதற்குள் ரிக்‌ஷாவை விற்றுவிட்டேன்.

மிகோ படியிலேயே நின்றுகொண்டிருந்தான். வீட்டில் ஜாத்மிகோவை அப்படித்தான் கூப்பிடுகிறார்களாம். ஒல்லியான பையன். இஸ்திரி போட்ட சட்டை அவனைத் தூக்கி நிறுத்தியிருந்தது. எங்கள் இரண்டு பேர் கையையும் குனிந்து நெற்றியில் ஒற்றிக்கொண்டான்.

நான் நேராகக் கேட்டேன். "வடக்கு எது?"

அவன் போனை எடுக்கவில்லை. சூரியனையும் பார்க்கவில்லை. கையை மட்டும் நீட்டினான். சரியாக இருந்தது. அவன் பக்கம் அது ஒன்று.

படியேறியதும் நான் செருப்பைக் கழற்றினேன். துமினாவும் கழற்றினாள்.

"செருப்போட வரலாம், பாக்" என்றார் வாசலில் நின்ற காவல்காரர். ரோகிம் என்று சட்டையில் எழுதியிருந்தது. மீசை வைத்த ஆள்.

"நாங்க மியூசியம் பாக்க வரலை. மாப்பிள்ளை வீடு பாக்க வந்திருக்கோம்."

ரோகிம் மிகோவைப் பார்த்தார். மிகோ தரையைப் பார்த்தான். "அப்ப சரி" என்று ரோகிம் செருப்பை மிதிக்காமல் ஒதுங்கி நின்றுகொண்டார், அது ஏதோ விருந்தாளியின் பொருள் என்பதுபோல. ஆனால் வாழைத்தாரை மட்டும் உள்ளே விடவில்லை. சாப்பிடும் பொருள் உள்ளே போகக்கூடாதாம், எறும்பு வருமாம். வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, நம்பர் போட்ட பித்தளை வில்லை ஒன்றைத் துமினாவிடம் கொடுத்தார்.

"பாத்தியா, பழைய புத்தி போகலை. வாசல்லயே வாங்கி உள்ள போட்டுக்கிச்சு" என்றேன். "திருப்பித் தருதான்னு பாப்போம்."

எனக்கு பேங்க் மேல் நம்பிக்கை கிடையாது. எங்கள் வீட்டுச் சேமிப்பு துமினாவின் கையில் வளையலாகக் கிடக்கிறது. அது எங்கே போனாலும் எனக்குச் சத்தம் கேட்கும்.

ஆனால் உள்ளே காலை வைத்ததும், அந்த இடம் எனக்குப் பிடித்துப்போயிற்று. பொய் சொல்வானேன்.

தரை, அப்படி ஒரு குளிர்ச்சி. வெளியே தார் உருகுகிற வெயில். உள்ளே பாதத்தின் அடியில் கிணற்றுக்கல் மாதிரி. மேலே அண்ணாந்தால் கூரை இல்லை, கலர் கண்ணாடி. நெல் அறுக்கிற பெண்கள், வலை இழுக்கிறவர்கள், அவுரி இலையைத் தலையில் சுமக்கிறவர்கள். சூரியன் அவர்கள் வழியாக இறங்கி வந்து தரையில் மஞ்சளும் நீலமுமாகக் கிடந்தது. துமினாவின் வெள்ளை முக்காட்டில் ஒரு சிவப்புப் பொட்டு விழுந்து, அவள் நடக்க நடக்கத் தோளுக்கு இறங்கியது. இத்தனை வருஷம் இதற்கு முன்னால் வெயிலில் காய்ந்திருக்கிறேன். அதே வெயில் உள்ளே இந்த வேஷத்தில் இருந்திருக்கிறது.

காசாளர்கள் உட்காரும் கூண்டுகள் வரிசையாக இருந்தன. தேக்கு. கம்பி ஒவ்வொன்றும் புறாக்கூண்டுக் குச்சி போல மெல்லிசு. நான் குனிந்து மூலைகளைப் பார்த்தேன். ஆணி இல்லை. பொருத்துத்தான். விரலால் தடவினால் இரண்டு மரம் சேருகிற இடம் தெரியவில்லை.

"இதை எவன் செஞ்சான்?"

"ஜெபாராவிலேர்ந்து வந்த ஆசாரிங்க, பாக். டச்சுக்காரன் படம் போட்டான். மரத்தைப் பாத்துட்டு இவங்க அதை மாத்திட்டாங்களாம்."

"மாத்தத்தான் செய்வான். டச்சுக்காரனுக்குத் தேக்கைப் பத்தி என்ன தெரியும்?"

அவன் சிரித்தான். மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கிற மாதிரி பேசவில்லை. அதுவும் ஒன்று. ஜன்னல்களின் அடியில் சுவருக்குள் குழாய்போல வழி வைத்து, ஆற்றுக் காற்றை உள்ளே இழுத்திருக்கிறார்கள். அவன் என் கையைப் பிடித்துப் பொந்தின் முன் வைத்தான். காற்று வந்தது. மெஷின் கிடையாது, ஒன்றும் கிடையாது. இந்தக் காலத்தில் ஒரு பெட்டியை மாட்டி, வெளியே தண்ணீர் சொட்டவிட்டு, நடந்து போகிறவன் தலையை நனைக்கிறார்கள்.

இருந்தாலும் நான் வந்த வேலையை மறக்கவில்லை.

"எல்லாம் சரி. அடுப்பு எங்க?"

"அடுப்பா?"

"வீடுன்னா அடுப்பு இருக்கணும். அரிசி வெந்திருக்கணும். யாராவது படுத்துத் தூங்கியிருக்கணும். அடுப்பு இல்லாத எடத்திலேர்ந்து மாப்பிள்ளை வந்தா அவன் எந்த வீட்டுப் பிள்ளை?"

துமினா என் முதுகில் கிள்ளினாள். மிகோ "வாங்க, பாக்" என்று பின்பக்கம் கூட்டிப் போனான். கீழே இறங்கும் படிக்கட்டின் தலைப்பில் ஒரு சின்ன மூலை. கட்டடம் முழுக்க வெள்ளை அடித்திருந்தார்கள். அந்த மூலையின் மேல் சுவர் மட்டும் கரிப்பிடித்துக் கறுப்பாக இருந்தது, பழைய சட்டியின் அடி மாதிரி.

"ராத்திரிக் காவல்காரங்க இங்கதான் மண்ணெண்ணெய் அடுப்பு வச்சு ஆக்கிச் சாப்பிட்டிருக்காங்க. பக்கத்துல பாய் போட்டுப் படுப்பாங்க. முறை வச்சு."

"இதை மட்டும் ஏன் அடிக்காம விட்டாங்க?"

"அடிக்கத்தான் வந்தாங்க." அவன் காதைச் சொறிந்தான். "நான் வேணாம்னேன். அசிங்கமா இருக்குன்னாங்க. இங்க ஆள் இருந்தாங்கன்னு காட்ட இது ஒண்ணுதான் மிச்சம், மத்ததெல்லாம் பணம் இருந்த எடம்னு சொன்னேன். வேலைக்குச் சேந்த புதுசு. திட்டு வாங்கினேன்."

"யார் திட்டினா?"

"எல்லாரும்."

"எல்லாரும் திட்டியும் சுவர் கறுப்பாத்தானே இருக்கு" என்றாள் துமினா, என்னைப் பார்த்து. அவள் கணக்கு அவளுக்கு.

நான் விரலை எச்சில் தொட்டு, கரியைத் தேய்த்துப் பார்த்தேன். நிஜக் கரி. வீடு என்று ஒத்துக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை. ஆனால் திசை? வீடு என்று ஆகிவிட்டதனால்தான் திசை வருகிறது. அங்கே நின்றுகொண்டு மனசுக்குள் கோடு போட்டுப் பார்த்தேன். இந்த மூலையிலிருந்து எங்கள் சந்து. ஒரு கை அளவு. மேற்கே சாய்கிறதுதான். அக்காவை வைத்து மிதித்த ரோடும் முதலில் கொஞ்சம்தான் சாய்ந்தது. பிறகுதான் அது வடமேற்காகத் திரும்பியது.

"ஆகாது" என்று சொல்ல வாயெடுத்தேன். துமினா முந்திக்கொண்டு மிகோவிடம் கேட்டாள். "கீழ என்ன இருக்கு, மாஸ்?"

"பணம் வச்சிருந்த அறை, பு. வாங்க" என்றான். "பு" என்றால் அம்மா, "மாஸ்" என்றால் தம்பி.

படி திரும்பித் திரும்பி இறங்கியது. கீழே இருந்த இரும்புக் கதவு ஒரு எருமை நிற்கிற கனம். மிகோ ஒரு விரலால் தள்ளினான், சத்தமே இல்லாமல் நகர்ந்தது. என் ரிக்‌ஷாச் சக்கரம்கூட அப்படிச் சுழன்றதில்லை, அதற்கு நான் தினமும் எண்ணெய் விட்டும். எத்தனை காலத்துக் கீல்!

அதிசயம் கதவில் இல்லை. பண அறையைச் சுற்றி நாலு பக்கமும் ஒரு ஒடுக்கமான பாதை. காவல்காரன் அதற்குள் சுற்றி வந்துகொண்டே இருப்பானாம். நாலு பக்கமும் ஒரே நீளம், ஒரே சுவர், ஒரே விளக்கு. ஜன்னல் கிடையாது. நாலு முனையிலும் ஆள் உயரக் கண்ணாடியைச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். ஒரு இடத்தில் நின்றால், திரும்பாமலே அடுத்த பக்கத்தில் யார் வருகிறான் என்று தெரியும். ஒருவன் கண்ணை வைத்து நாலு பேர் வேலை.

"இந்த மூளை இருந்திருக்கு பாரு" என்றேன். என்னை அறியாமல் வந்துவிட்டது.

"நடந்து பாருங்க, பாக்."

"நீங்க இங்கயே நில்லுங்க. நான் தனியாப் போறேன்."

நடந்தேன். முதல் முனை. எதிரே கறுப்புக் குல்லா போட்ட ஒரு கிழவன் வந்தான். மூஞ்சியில் ஒரு சந்தேகம், எல்லோரையும் திருடன் என்று நினைக்கிறவன் மாதிரி. பாதை ஒடுக்கம். பெரியவர், வழி விடலாம் என்று ஒதுங்கி, கையைத் தாழ்த்திக் குனிந்தேன். அவனும் குனிந்தான்.

"கண்ணாடியில தெரியறது யாருன்னு தெரியலையா, சாக்?" பின்னாலிருந்து துமினாவின் சிரிப்பு சுவரெல்லாம் மோதி வந்தது. "நான் தினமும் அந்த மூஞ்சியைத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்!"

இந்த வயதில் ஒருவன் தன்னையே கும்பிட்டுவிட்டால், பிறகு எதற்கும் நிற்கக்கூடாது. வேகமாக நடந்தேன். இரண்டாவது முனை, அடுத்தது, அடுத்தது. கண்ணாடிக்குள் ஒரு கண்ணாடி, அதற்குள் என் முதுகு. என் முதுகை நான் பார்த்ததே இல்லை. கூன் விழுந்திருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே போனதில் எத்தனை முறை திரும்பினேன் என்று தெரியவில்லை. இன்னொரு சுற்றுப் போனேனா, அதுவும் நிச்சயமில்லை. ஒரு இடத்தில் நின்றேன்.

வடக்கு இல்லை.

எப்படிச் சொல்வது? இருட்டில் படியிறங்கும்போது கடைசிப் படி இருக்கும் என்று காலை வைத்தால் இருக்காதே, அப்படி. இடுப்பு தேடியது. தோள் தேடியது. எப்போதும் என் நெஞ்சுக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ உட்கார்ந்திருக்கும் அது, எங்கேயும் இல்லை. சுவரைத் தொட்டேன். நாலு பக்கமும் ஒரே குளிர்ச்சி. வேர்த்துவிட்டது எனக்கு. கடல் எந்தப் பக்கம், எங்கள் சந்து எந்தப் பக்கம், நூனிங் கடலை இடிப்பது எந்தப் பக்கம்? ருமியாத்தியை நான் தூக்கிக்கொண்டு வந்த திசை எது? அதுவும் தெரியவில்லை. அந்தத் திசை மறந்துபோகும் என்று நான் நினைத்ததே இல்லை. அது இல்லாமல் போனபோது, தப்பாக நினைக்க வேண்டாம், நெஞ்சில் கிடந்த ஒரு மூட்டையை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. அது எனக்குப் பிடிக்கவும் இல்லை.

"துமினா!"

"இங்கதான் இருக்கேன். கத்தாதீங்க."

இருவரும் சுற்றிக்கொண்டு வந்தார்கள்.

"நம்ம வீடு எந்தப் பக்கம்? காட்டு."

அவள் ஒரு பக்கம் காட்டினாள். உடனே கையை மாற்றினாள். "அட" என்றாள்.

நான் மிகோவைப் பார்த்தேன். இவன் தினமும் இங்கே இறங்குகிறவன். இப்போது ஏதாவது ஒரு பக்கத்தைக் கெட்டியாகக் காட்டி, "பாருங்க பாக், நேர் வடக்கு" என்று சொன்னால் நான் மறுத்துப் பேச வழியில்லை. அவனுக்கு வேண்டியதும் அதுதான். சொல்லட்டும், ஆளைப் பார்த்துவிடலாம் என்று காத்திருந்தேன்.

"சொல்லு. வடக்கு எது?"

"தெரியலை, பாக்."

"வாசல்ல காட்டினியே?"

"அது வாசல். இங்க எனக்கும் வராது. ரோகிமுக்கும் வராது." போனை எடுத்து என்னிடம் காட்டினான். அதில் ஒரு திசை முள் போதை ஏறியவன் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. "சுவத்துக்குள்ள அவ்வளவு இரும்பு. பழைய காவல்காரங்க தொழுகை நேரத்துக்கு மேல ஏறிப் போயிடுவாங்களாம். இங்க நின்னா மேற்கு எதுன்னு ஆளுக்கு ஒண்ணு சொல்லிச் சண்டை வருமாம்."

நான் அந்த முள் ஆடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு சொன்னேன்.

"கல்யாணத்துக்கு முந்தின நாள் ராத்திரி அந்தக் கரி மூலையில படுத்துக்க. காலையில குளிச்சு, உடுத்திக்கிட்டு, இங்க இறங்கு. இந்தப் பாதையில சுத்து. திசை தெரியாமப் போற வரைக்கும் சுத்து. அப்புறம் இங்கேர்ந்து கிளம்பி வா. படியிலேர்ந்து இல்ல, வாசல்லேர்ந்து இல்ல. இங்கேர்ந்து."

மிகோவுக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. துமினாவுக்கு உடனே புரிந்தது.

"திசையே இல்லாத எடத்திலேர்ந்து கிளம்பினா, தோஷம் எதைப் புடிச்சுக்கிட்டு வரும்? அதானே, சாக்?"

"நான் அப்படிச் சொல்லலை. சுத்துன்னு சொன்னேன்."

"தலை சுத்தி நம்ம வாசல்ல விழுந்தான்னா?"

"விழுந்தா உள்ள தூக்கிப் போட்டுக்கலாம். அதுக்கு நாள் நேரம் பாக்க வேண்டாம்."

மிகோ என் கையைப் பிடித்து மறுபடியும் நெற்றியில் வைத்துக்கொண்டான். அந்த நெற்றி சுட்டது. நான் கையை இழுத்துக்கொண்டேன். துமினா போனைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். அங்கே அது எடுக்காது. நூனிங்கிடம் சொல்வதற்கு அவள் படியேறி ஓடிய வேகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும், மூட்டுவலி மூட்டுவலி என்று தினமும் என்னை எண்ணெய் தேய்க்க வைக்கிறவள்.

மேலே வந்தால் வெளிச்சம் நகர்ந்து, நெல் அறுக்கிற பெண்கள் காசாளர் கூண்டின் மேல் கிடந்தார்கள். இன்னொரு முறை அண்ணாந்து பார்த்தேன். வாசலில் ரோகிம் பித்தளை வில்லையை வாங்கிக்கொண்டு, அலமாரியைத் திறந்து, வாழைத்தாரைத் துணி கலையாமல் நீட்டினார். "சரியா இருக்கா பாத்துக்குங்க, பாக்."

நான் வாங்கவில்லை. பெண் வீட்டார் கொண்டுபோன பழம் திரும்பி வந்தால் சம்பந்தம் வேண்டாம் என்று அர்த்தம், இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். துமினாவின் முகம் சுருங்கிப்போயிற்று. ரோகிமுக்கும் அப்போதுதான் உறைத்தது. நீட்டிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார்.

மிகோ பின்னாலிருந்து வந்து தாரை வாங்கிக்கொண்டான். படியில், வெயிலில் நின்று, ஒரு பழத்தைப் பிய்த்து உரித்து வாயில் போட்டுக்கொண்டான். முழுசாக. கன்னம் உப்பியிருக்க, ஒன்றை ரோகிமுக்குக் கொடுத்தான், "வீட்டுக்கு வந்த பழம்" என்று ஏதோ உளறினான். இஸ்திரிச் சட்டையில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. துமினா திரும்பி நின்று மூக்கைச் சிந்தினாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

படியை விட்டு இறங்கியதுமே வடக்கு திரும்பி வந்துவிட்டது, எங்கேயும் போகாததுபோல, அதே இடத்தில், என் வலது தோளுக்குப் பின்னால். நான் ரோட்டைக் கடந்து, எதிரே பழைய சவாரி நிறுத்தத்தில் நின்று கட்டடத்தைப் பார்த்தேன். நல்ல கட்டடம். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஒரு கை அளவு மேற்கே சாய்கிறது. கீழே இருப்பவனுக்குத் தெரியவில்லை என்பதற்காக, திசைக்கும் அவனைத் தெரியாமல் போய்விடுமா? இரும்பு போனை ஏமாற்றும், என்னை ஏமாற்றும். தோஷத்தையும் ஏமாற்றுமா என்று யார் எனக்கு எழுதிக் கொடுப்பார்கள்?

"நில்லுங்க, நூனிங் உங்ககிட்டப் பேசணுமாம்" என்று துமினா பின்னாலிருந்து போனை ஆட்டினாள்.

"சுத்தட்டும். நல்லாச் சுத்தட்டும்னு சொல்லு" என்று சொல்லிவிட்டு, நான் தெற்கே நடந்தேன்.